அழகுக்கு வைத்த கொக்கி

கடை போடாமல், கருவிப் பையை மட்டும் தூக்கிக்கொண்டு வாடிக்கையாளர் வீட்டுக்கே போய் ஜீப் வேலை பார்க்கிறவர்கள் இப்போது தாம்பரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவே நிறையப் பேர் ஆகிவிட்டீர்கள். என்னைத் தேடி வருகிறவர்கள் எந்த ஸ்பிரிங் நல்லது, எந்த டயர் நல்லது என்றுதான் கேட்கிறீர்கள். அதையெல்லாம் உங்கள் கைபேசி என்னைவிட நன்றாகச் சொல்லும். எனக்குச் சொல்ல இருப்பது வேறு. வண்டி அவருடையது, வீடு அவருடையது, சாவி அவர் சட்டைப் பையில். அங்கே நின்றுகொண்டு ‘இது கூடாது’ என்று எப்படிச் சொல்வது? சொன்ன பிறகும் அது நடந்துவிடுகிற மாதிரி ஒரு நேரம் வந்தால் என்ன செய்வது?

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. என் பெயர் கிரேஸ். தாம்பரத்துக்குப் பக்கத்தில் இரும்புச் சட்டங்கள் செய்யும் ஒரு சிறிய ஆலையில் வேலைக்குச் சேர்ந்தேன். மற்றவர்கள் வைத்த வெல்டிங்கைப் பார்த்து, சரி அல்லது சரியில்லை என்று சொல்வது என் வேலை. ‘சரியில்லை’ என்று சொல்லியே சம்பளம் வாங்கியவள் என்பதால் அந்த வார்த்தை எனக்குத் தொண்டையில் சிக்குவதில்லை. ஆலையை விட்டபின் காடுமலை ஏறும் ஜீப்புகளை அவரவர் வீட்டிலேயே வைத்து மாற்றிக் கொடுக்கும் வேலைக்கு வந்தேன். வண்டிக்கு அடியில் படுத்து எழ முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் நிறுத்திக்கொண்டேன். நடுவில் பார்த்த வீடுகளில் ஒன்றைப் பற்றி மட்டும் இன்று சொல்கிறேன்.

கோவிலம்பாக்கத்தில் இம்ரான் வீடு. குரோம்பேட்டையில் தோல் பை வியாபாரம் செய்கிறவர். அப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். பழைய ஜீப் ஒன்றை வாங்கி வீட்டுப் போர்ட்டிகோவில் நிறுத்தி, முடிந்தவரை தன் கையாலேயே செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டார். முடியாததற்கு என்னைக் கூப்பிடுவார். சொந்தமாக ஒரு வெல்டிங் மெஷினும் வாங்கி வைத்திருந்தார். தோலைத் தைத்துப் பழகிய கை. நிதானமானது, அழகு பார்க்கத் தெரிந்தது. கற்றுக்கொள்ளும் ஆர்வத்தில் அவரை மாதிரி ஒரு வாடிக்கையாளரை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஸ்பிரிங் மாற்றினோம், பெரிய டயர் போட்டோம், மேலே சாமான் கட்ட ஒரு கம்பிச் சட்டமும் வைத்தோம். எல்லாம் முடிந்து முதல் தடவை வெளியே எடுக்கும்போதுதான் தெரிந்தது, வண்டி அந்தப் போர்ட்டிகோவை விட்டு வெளியே வராது என்று. உயர்ந்துபோன ஜீப்பின் கம்பிச் சட்டம் முன்புற உத்தரத்தில் போய் நின்றது. அவர் வண்டியை அளந்திருந்தார், வீட்டை அளக்கவில்லை. அன்றைக்கு வீட்டில் விருந்து. உறவுக்காரர்கள் எல்லாரும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“இப்ப என்ன பண்றது அக்கா?” என்றார்.

“சாப்பிட்டவங்க எல்லாரையும் உள்ள ஏறச் சொல்லுங்க” என்றேன்.

அவருடைய மனைவி ஷாஹிதாவுக்கு உடனே புரிந்துவிட்டது. தன் தாய்மாமாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். நல்ல ஆகிருதியானவர். “மாமா, நீங்க முன் சீட்டு. உங்க வெயிட்டு அங்கதான் வேணும்.” பிரியாணி சாப்பிட்ட கூட்டம் சிரித்துக்கொண்டே ஏறி, ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்ததும், வண்டி முனகிக்கொண்டு தாழ்ந்தது. உத்தரத்துக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. இம்ரான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை வெளியே உருட்டினார். “திரும்ப உள்ள விடறதுக்கும் ஒரு விருந்து வைக்கணுமா?” என்று ஷாஹிதா கேட்டார். தெருவே சிரித்தது. இம்ரானும் சேர்ந்து சிரித்தார். கம்பிச் சட்டத்தை அன்று மாலையே கழற்றிவிட்டோம்.

தன் தவறைப் பார்த்துச் சிரிக்கிற மனிதரிடம் எதையும் சொல்லிவிடலாம் என்று அன்று நினைத்தேன். பாதிதான் சரி. தான் மறந்துபோனதைப் பார்த்து மனிதர்கள் சிரிப்பார்கள். தான் ஆசையாகச் செய்ததைக் குறை சொன்னால் சிரிக்க மாட்டார்கள்.

சில வாரங்கள் கழித்துப் போனபோது ஜீப்பின் முன்னால் புது பம்பர் இருந்தது. கனமாக, கறுப்பாக, நன்றாகவே இருந்தது. அதன் இரண்டு பக்கமும் இரும்புத் தகட்டை வெட்டி வளைத்து இரண்டு கொக்கிகள். சிக்கிக்கொண்ட வண்டியை இழுக்கக் கயிறு மாட்டுகிற கொக்கி இருக்குமே, அதே மாதிரி. சிவப்பு பெயிண்ட் பளபளத்தது.

“யார் செஞ்சது?”

“நான்தான் அக்கா. ஒருத்தர் கைகூடப் படல.” குரலில் பெருமை.

குனிந்து வெல்டிங்கின் மேல் விரலை ஓட்டினேன். மேலே வரிசையாக, பூ வேலை மாதிரி படிந்திருந்தது. ஆனால் மேலோடு நின்றுவிட்ட வெல்டிங் அது. இரும்போடு இரும்பு உள்ளே உருகிக் கலக்கவில்லை. அது தவிர, அந்த பம்பரையே வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு பிடித்திருந்தவை சின்ன போல்ட்டுகள். பம்பரைத் தாங்கும், ஒரு வண்டியின் பாரத்தைத் தாங்கும் என்று நம்ப முடியாது.

“பார்க்க ரொம்ப நல்லா இருக்கு இம்ரான். ஆனா இதுல கயிறு கட்டி இழுத்தா பிச்சிக்கிட்டு வந்தாலும் வந்துடும். பிச்சிக்கிட்டு வர்றது சும்மா கீழ விழாது, துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும். இத அறுத்துடலாம். சேசிஸோட சேர்த்து நான் வேற போட்டுத் தரேன்.”

அவர் முகம் வாடியது. “ஐயோ அக்கா, இது சும்மா ஷோவுக்கு. இதுல யாரு கயிறு கட்டப் போறாங்க?”

“கொக்கி மாதிரி இருந்தா கட்டத்தான் செய்வாங்க.”

“நான் கட்ட மாட்டேன்ல? எனக்குத் தெரியும்ல?”

கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தேன். பின்பக்கம் சேசிஸில் உறுதியான இரண்டு கொக்கிகள் போட்டுக்கொள்ள ஒத்துக்கொண்டார், போட்டுக் கொடுத்தேன். முன்பக்கத்தை அப்புறம் பார்க்கலாம் என்றார். அது அவர் வண்டி. அவர் வீட்டில் அவர் செய்ததை நான் இரும்பு வெட்டும் கிரைண்டரை எடுத்து அறுக்க முடியாது. கிளம்பும்போது ஷாஹிதாவை வெளியே கூப்பிட்டு, இம்ரான் காதில் விழும்படியே சொன்னேன்: “முன்னாடி இருக்கற சிவப்புக் கொக்கி ரெண்டும் வெறும் அலங்காரம். உங்களுக்கும் தெரிஞ்சிருக்கட்டும்.” ஷாஹிதா கணவரைப் பார்த்தார். “கேட்டுச்சாங்க?” “கேட்டுச்சு, கேட்டுச்சு” என்றார் அவர்.

வீட்டுக்கே போய் வேலை செய்வதில் உங்களுக்கு இருக்கிற ஒரே வசதி இதுதான். வீட்டில் வேறு ஆட்கள் இருப்பார்கள். வண்டிக்காரரிடம் மட்டும் சொன்ன எச்சரிக்கை, அவருக்கு அவசரம் வரும்போது காணாமல் போய்விடும். இன்னொருவர் காதிலும் போட்டு வையுங்கள்.

மணலில் முதல் ஓட்டத்துக்கு நானும் கூட வருவது வழக்கம். அந்த மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோவளம் போனோம். இம்ரான் ஓட்டினார், பக்கத்தில் ஷாஹிதா. பின்னால் நானும் ஷாஹிதாவின் தம்பி ரஃபியும். என் காலடியில் கருவிப் பை. அதில், கிரேனில் பாரம் தூக்குவதற்குக் கட்டுகிற அகலமான பட்டை ஒன்று எப்போதும் இருக்கும். கடற்கரையில் வண்டியை இறக்கக் கூடாது, ஊர் எல்லையில் டிராக்டர் போகிற மண் பாதையோடு திரும்பிவிட வேண்டும் என்று பேச்சு.

பாதை முடிகிற இடத்தில் நான் இறங்கி டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரஃபியும் ஷாஹிதாவும்கூட இறங்கிவிட்டார்கள். ரஃபி கைபேசியைத் தூக்கிக்கொண்டு, “மச்சான், அந்தத் தண்ணி ஓரமா ஒரே ஒரு ரவுண்டு. செம்மையா இருக்கும்” என்றான். நான் நிமிர்வதற்குள் வண்டி சரிவில் இறங்கிவிட்டது. கீழே போய் அழகாகத் திரும்பியது. மூக்கு எங்களைப் பார்த்து, முதுகு கடலைப் பார்த்து. அங்கேயே நின்றது. இம்ரான் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க, சக்கரங்கள் தங்களுக்கே குழி தோண்டிக்கொண்டன. நான் ஓடிப்போய் நிறுத்தச் சொன்னபோது வண்டியின் வயிறு ஈர மணலில் உட்கார்ந்துவிட்டிருந்தது. ஒரு அலை வந்து பின்சக்கரங்களை நனைத்துவிட்டுப் போனது. அடுத்தது இன்னும் கொஞ்சம் மேலே வந்தது.

கோவளத்துக் கரையில் காலை நேரத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. பாதிக் கூட்டம் ஏலத்தை விட்டுவிட்டு எங்களிடம் வந்தது. படகுகளை மேலே இழுக்கிற டிராக்டரை ஓட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். தேசிங்கு என்று பெயர் சொன்னார்கள். கை பருமனுக்கு ஒரு நைலான் கயிறு, அதன் நுனியில் இரும்பு வளையம். டிராக்டரை மேட்டில் நிறுத்திவிட்டு, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். நேராகச் சிவப்புக் கொக்கிக்குத்தான் போனார். வேறெங்கே போவார்? நான் போட்ட உறுதியான கொக்கிகள் பின்னால், கடல் பக்கம் இருந்தன.

“அதுல மாட்டாதீங்க!” என்று கத்தினேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னாம்மா நீ? கொக்கின்னு ஒண்ண வெச்சிக்கினு அதுல மாட்டாதன்றே? அப்பால இன்னாத்துக்கு வெச்ச?”

நான் இம்ரானைப் பார்த்தேன். ‘அது ஷோவுக்கு’ என்று தன் வாயால் சொன்னவர் அவர். ஆனால் அப்போது அவர் கண் கடல் மேலே இருந்தது. “அக்கா, தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. ஒரே ஒரு இழுவைதான் அக்கா. நல்லா கெட்டியாதான் வெல்டு பண்ணேன், தாங்கும்” என்றார்.

இதை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை. பயம் வந்ததும், கையில் இருப்பதை நம்பிக்கொள்கிற புத்தி எல்லாருக்கும் இருக்கிறது. அந்த நேரத்தில் அவருக்கு அது உண்மையாகவே கெட்டியான கொக்கிதான். அவரிடம் வாதாடி ஜெயிக்க எனக்கு நேரமில்லை. நான் போய் அந்த பம்பர் மேலேயே உட்கார்ந்தேன். இரண்டு கையையும் விரித்து இரண்டு கொக்கிகளையும் பிடித்துக்கொண்டேன்.

“இதுல கட்டணும்னா என்னையும் சேர்த்துக் கட்டுங்க.”

கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். இம்ரானுக்கு முகம் சிவந்துவிட்டது. “அக்கா, இது என் வண்டி!”

“வண்டி உங்களதுதான். போனா வேற வாங்கிக்கலாம். இங்க நிக்கற ஆளுங்க உசுரு உங்களது இல்ல.”

அப்போது ஷாஹிதா முன்னால் வந்தார். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. தேசிங்கைப் பார்த்து, “அண்ணா, அது அழகுக்கு வச்சதுங்க. தாங்காது. இவரே ஷோவுக்குன்னுதான் சொன்னாரு” என்றார். பிறகு கணவரைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், “சொன்னீங்களா இல்லையாங்க?” என்று கேட்டார்.

இம்ரான் கடலைத் திரும்பிப் பார்த்தார். ஒரு அலை வந்து திரும்பும் வரைக்கும் நின்றார். பிறகு தலையை ஆட்டினார். தேசிங்கு சிரித்துவிட்டார். “அயகுக்கா? நல்லா கீது போ. செரி, எங்க கட்றது சொல்லு.”

பம்பருக்குப் பின்னால், சேசிஸின் இரண்டு சட்டங்களையும் சுற்றிப் பட்டையைப் போட வேண்டும். ஆனால் மூக்கு மணலில் புதைந்திருந்தது. தோண்டினால்தான் கை நுழையும். தோண்டினோம். நான், ரஃபி, இம்ரான், தேசிங்கு எல்லாரும் மண்டியிட்டு இரண்டு கையாலும் வாரினோம். அலையின் ஈரம் மணலுக்கு அடியிலேயே ஊறி வந்து, வாரிய குழியை மறுபடி மூடிவிடும். மறுபடி வாருவோம். அந்த நேரம் முழுக்க இம்ரானின் கண்ணில் கேள்வி இருந்தது. கொக்கியில் மாட்டியிருந்தால் இந்நேரம் வண்டி மேலே போயிருக்கும் என்கிற கேள்வி. எனக்கும் கடல் தெரிந்துகொண்டுதான் இருந்தது. பின்கதவின் அடி விளிம்பைத் தண்ணீர் தொட ஆரம்பித்திருந்தது. ஆனால் வேகமான வழி, சரியான வழி என்று இரண்டு இருக்கும்போது, வேகமானதைத் தேர்ந்தால் யார் உடம்பில் அடி விழும் என்று ஒரு தடவை யோசித்துவிட்டால் போதும். பிறகு கை தானாக வாரும்.

ரஃபி குப்புறப் படுத்துத் தோள் வரை கையை விட்டு, பட்டையின் நுனியை இந்தப் பக்கம் எடுத்துக் கொடுத்தான். இரண்டு நுனியையும் முன்னால் கொண்டுவந்து சேர்த்தோம். பறக்கக்கூடிய இரும்பு எதுவும் வேண்டாம் என்று வளையத்தை எடுத்துவிட்டு, தேசிங்கு தன் கயிற்றை நேரடியாகப் பட்டையோடு முடிந்தார். படகுக்காரர் முடிச்சு. அதை நான் சரிபார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

“மணல்ல சும்மா இய்த்தா மூக்கு உள்ள போய்டும். பலகை போடணும்” என்றார் அவர். படகு வழுக்கி வர அடியில் வைக்கிற பலகைகளைக் கொண்டுவந்து முன்சக்கரங்களுக்கு முன்னால் சொருகினார்கள். எனக்குத் தோன்றாத யோசனை அது. தோன்றியிருந்தாலும் அந்தப் பலகைக்கு நான் எங்கே போவேன்?

எல்லாம் தயார். நிமிர்ந்து பார்த்தால், கயிற்றின் இரண்டு பக்கமும் கல்யாண ஊர்வலம் பார்க்க நிற்கிற மாதிரி சனம். கயிற்றைத் தாண்டித் தாண்டிப் பிள்ளைகள். கைபேசியைப் பிடித்துக்கொண்டு இளைஞர்கள்.

“தள்ளி நில்லுங்க! தள்ளிப் போங்க!” என்று கத்தினேன். எல்லாரும் அரை அடி பின்னால் போனார்கள். நான் திரும்பியதும் ஒரு அடி முன்னால் வந்தார்கள். மறுபடி கத்தினேன். சிரித்தார்கள். நான் யார் அவர்களுக்கு? பம்பர் மேல் உட்கார்ந்த வெளியூர் அம்மா.

கூட்டத்தின் ஓரத்தில், மீன் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தார். சற்று முன் ஏலம் நடந்தபோது அவர் குரல்தான் கரை முழுக்கக் கேட்டது. அவரிடம் போனேன்.

“அம்மா, கயிறு அறுந்தா இங்க நிக்கறவங்களுக்குக் காலு போயிடும். நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க.”

அவர் கயிற்றைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். கூடையை மணலில் இறக்கி வைத்தார்.

“டேய் செல்வம்! செல்போன உள்ள வையி. வையின்றேன்ல? படகுக்கு அந்தாண்ட போ! ஏ சூசை, உன் பொண்ண கூட்டிக்கினு நவுரு. தோ நிக்கறியே, நீதான், பல்ல காட்டாத, போ! கவுறு அறுந்து கால் போச்சுன்னா உங்கப்பனா வந்து கஞ்சி ஊத்துவான்? போங்கடா அந்தாண்ட!”

ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விரட்டினார். பெயர் தெரியாதவனைச் சட்டை நிறம் சொல்லி விரட்டினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரை காலியானது. எல்லாரும் நிறுத்தி வைத்திருந்த படகுகளுக்குப் பின்னால் போய்த் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றார்கள். லூர்தம்மா என்று அவரைக் கூப்பிட்டார்கள். எனக்கு அந்தக் கரையில் இல்லாத அதிகாரம் அவரிடம் இருந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். தெரியாத இடத்தில் உங்கள் குரல் எடுபடவில்லை என்றால், இன்னும் உரக்கக் கத்தாதீர்கள். யார் குரல் எடுபடும் என்று பாருங்கள்.

தேசிங்கு டிராக்டரைப் பின்னால் எடுத்து, ஓட்டி வந்து வெடுக்கென்று இழுக்கத் தயாரானார். நான் வேண்டாம் என்று கை காட்டினேன். “தெனம் இய்க்கறவன் நானு” என்றார். “படகு மேல கெடக்கும் அண்ணா, இது உள்ள மாட்டியிருக்கு. கயிறு இறுகற வரைக்கும் மெல்லப் போங்க. அப்புறம் விடாம ஒரே சீரா இழுங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

கயிறு மணலிலிருந்து எழுந்து விறைத்தது. நீர்த்துளிகள் அதிலிருந்து தெறித்தன. ஜீப் அசையவில்லை. பிறகு மணல் பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். மூக்கு மெல்ல எழுந்தது, முன்சக்கரங்கள் பலகையைக் கண்டுபிடித்தன. உள்ளே உட்கார்ந்திருந்த இம்ரான் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்திருந்தார். வண்டி வந்தது. ஆர்ப்பாட்டம் இல்லாமல், ஒரு எருமை குளத்திலிருந்து எழுந்து வருகிற மாதிரி, காய்ந்த மணல் வரைக்கும் வந்து நின்றது.

அவ்வளவுதான். கயிறு அறுபடவில்லை. ஒன்றும் பறக்கவில்லை. படகுக்குப் பின்னாலிருந்து வந்த செல்வத்துக்கு ஏமாற்றம். “இவ்ளோதானா? இதுக்கா எங்கள அம்மாந்தூரம் தொரத்துன?”

லூர்தம்மா கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். “ஒண்ணும் ஆவலன்னு உனக்கு துக்கமா கீதா?” என்று கேட்டுவிட்டு ஏலத்துக்குப் போய்விட்டார்.

நீங்கள் சரியாக வேலை செய்தால் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததால், இந்த அம்மா எதற்கு இவ்வளவு பயமுறுத்தினாள் என்று தோன்றும். அதற்குச் சங்கடப்படாதீர்கள். நான் பட்டதில்லை.

திரும்பி வரும்போது, மேடவாக்கம் நெருங்கும்போது இம்ரான் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். “கோச்சுக்காதீங்க அக்கா. ஒருவேள அந்தக் கொக்கியே தாங்கியிருக்குமோ?”

தாங்காது என்று அடித்துச் சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் எனக்குத் தெரிந்தது அதுவல்ல. “தாங்கியிருக்கலாம்” என்றேன். “தாங்கும்னும் தெரியாது, தாங்காதுன்னும் தெரியாது. அதனாலதான் விடல.”

அவர் சாலையைப் பார்த்து ஓட்டினார். கொஞ்ச தூரம் போனபின், “தெரிஞ்சுக்கணுமே அக்கா” என்றார். அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது.

ரஃபிக்கு அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மனை. வீடு கட்ட ஆரம்பித்துப் பாதியில் நின்றது. தூண்களும் பூசிய ஒரு பக்கச் சுவரும் மட்டும் இருந்தன. அடுத்த ஞாயிறு பம்பரைக் கழற்றி எடுத்துப்போய், இடுப்பு உயரத்தில் ஒரு தூணோடு சங்கிலியால் இறுக்கிக் கட்டினோம். கொக்கியில் கயிற்றை மாட்டி, சுவரை ஒட்டி இருந்த இன்னொரு தூணைச் சுற்றி வளைத்து, பக்கவாட்டில் நின்ற ஜீப்பின் பின்கொக்கியில் கட்டினேன். பிய்ந்து வந்தால் சுவர் பக்கம் போகும், ஓட்டுகிறவர் பக்கம் வராது. கயிற்றின் மேல் ஈரக் கோணிகளைப் போட்டேன். ரஃபியும் ஷாஹிதாவும் தெருவுக்கே போய் நின்றார்கள். இம்ரான் ஓட்டினார்.

முதலில் இடது கொக்கி. கயிறு விறைத்தது, ஜீப் முக்கியது, சக்கரம் மண்ணைக் கிளறியது. கொக்கி அப்படியே இருந்தது. இம்ரான் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து அதைத் தொட்டுப் பார்த்தார். முகத்தில் வெளிச்சம். ரஃபி தெருவிலிருந்து கை தட்டினான்.

“நல்லா பண்ணியிருக்கீங்க” என்றேன். அது உண்மை. “இப்ப அடுத்தது.”

வலது கொக்கியில் கயிறு முழுசாக விறைக்கக்கூட இல்லை. வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். கோணிகள் இருந்தும் கொக்கி போன வழி கண்ணுக்குத் தெரியவில்லை. சுவரிலிருந்து தூசி கிளம்பியதுதான் தெரிந்தது. தூசி அடங்கியதும் இம்ரான் அங்கே நடந்து போனார். பூச்சு பெயர்ந்து, செங்கல் உள்வாங்கி ஒரு குழி. அவர் வயிற்று உயரத்தில் இருந்தது. அதில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, தூண் இருக்கும் பக்கம் பார்த்தார். கோவளத்தில் கயிற்றோரம் அந்த இடத்தில் யார் நின்றிருந்தார்கள் என்று அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பம்பரைப் போர்ட்டிகோவில் போட்டுவிட்டு கிரைண்டரை எடுத்தார். நான் அறுத்துத் தரவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பிய்ந்துபோன பக்கத்தின் மிச்சத்தைச் சீவப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தாங்கிய கொக்கியின் மேல் கிரைண்டரை வைத்தார்.

“இது தாங்குச்சே மச்சான், இத ஏன்?” என்றான் ரஃபி.

இம்ரான் கிரைண்டரை நிறுத்தி நிமிர்ந்தார். “இது தாங்குச்சுன்னு நானே நாலு பேருக்கு இதே மாதிரி செஞ்சு குடுத்திருப்பேன்டா.”

பொறி பறக்க ஆரம்பித்ததும் ஷாஹிதா கொடியில் காய்ந்த துணிகளை வாரிக்கொண்டு உள்ளே போனார். நான் பையை மூடி ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அந்த வீட்டில் அன்றைக்கு எனக்கு வேலை எதுவும் மிச்சமில்லை.